சம்மனசின் கையை யாரும் இழுக்கவில்லை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடுதாசியும் மளிகைச் சாமான் பேரும். பாதியில் மறந்தும் போவேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போனால் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கூட வரவேண்டும்.

எழுதச் சொன்னது என் பேத்தி. சென்னையில் ஏதோ வடிவமைப்புப் படிப்புப் படிக்கிறாள். போன லீவில் அவளும் கூட்டாளிகளும் இங்கே வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவரில் வெளிச்சத்தாலேயே மீன் விட்டார்கள். நாம் கிட்டப் போய்க் கையை ஆட்டினால் மீனெல்லாம் விலகி ஓடும். அசையாமல் நின்றால் நம் நிழலைச் சுற்றி வந்து கூடும். "பார்க்கிறவங்களும் சேர்ந்தாத்தான் ஆச்சி இது முழுசாகும்" என்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சனம் கிட்டப் போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போனது. ஒரு பெரியவர் மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ச் சுவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். பிறகு பிள்ளைகளுக்குள் சண்டை. படம் சரியில்லை என்றான் ஒருவன். படம் சரிதான், ஆள் வருவதைக் கண்டுகொள்கிற பொறியை வைத்த இடம் சரியில்லை என்றாள் ஒருத்தி. கலையா வடிவமைப்பா, எது முந்தி என்று ஒரே பேச்சு. காப்பி ஆறிப்போனது. "இந்தச் சண்டையை நான் யுத்த காலத்திலேயே பார்த்தாச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர்கள் போடும் மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பேத்தி பிடித்துக்கொண்டாள். அதனால் வந்த வினை இது.

ஜப்பான்காரன் குண்டு கொழும்பில் விழுந்த வருஷம். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்மஸ். 'வந்த' என்று எழுதிவிட்டேன், நான் எங்கேயும் வரவில்லை. பிறந்த வீட்டிலேயேதான் இருந்தேன். வந்தது மாப்பிள்ளை. அவர் மணப்பாட்டுக்காரர். தோணிகளுக்கு வின்ச்சும் கப்பியும் பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் பிட்டர் வேலை. பட்டறை எங்கள் தெருவுக்குப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். பெண்டாட்டி வீட்டில் இருக்கிற ஆம்பிளைக்குத் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் தெருவில் என்ன மரியாதை என்று கேட்க வேண்டாம். "மணப்பாட்டு மாப்ள, மாமியா வீட்டுச் சோறு வேவுதா?" என்பார்கள். மரியாதை மாதிரியே இருக்கும். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சிரிக்கமாட்டார்.

தெரு முக்கில் வருஷா வருஷம் பாலன் குடில் போடுவது வழக்கம். கோயிலிலும் ஒரு குடில் உண்டு. அது பாலனுக்கு. தெருக் குடில் தெருவின் மானத்துக்கு. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனால் குடில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதை ஜோடிக்கிறவன் என் அண்ணன். தோணி முகப்பில் பேர் எழுதுவதும் கோயில் சுரூபங்களுக்குச் சாயம் பூசுவதும் அவன் தொழில். குடிலில் அவன் எப்போதும் விளக்கை வைத்தே ஜெயித்துவிடுவான். நட்சத்திரத்துக்குள் ஒரு விளக்கு, மேகத்துக்குப் பின்னால் ஒன்று, மாதாவின் முகத்தில் விழுகிற மாதிரி ஒன்று. அந்த வருஷம் இருட்டடிப்பு. கடற்கரை ஊரில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று உத்தரவு. குடிலைப் பகலோடு பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். பகல் வெளிச்சத்தில் அண்ணனுடைய மேகம் பஞ்சாகத்தான் தெரிந்தது.

தெருவில் கூடிப் பேசினார்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்தான் தெருவுக்குப் பெரியவர். "விளக்கு இல்லாத குடில் எதுக்கு? இந்த வருஷம் செபமாலையச் சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றார். பெண்கள் நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்றோம். நான் மற்றவர்களுக்கும் பின்னால். அப்போது என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"விளக்கு இல்லன்னா என்ன? ஓட வச்சிருவோம்."

"எத ஓட வைப்பீய மாப்ள? பாலனையா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

"மூணு ராஜாக்களை. பார்க்க வாரவன் ஒரு கைப்பிடியை இழுக்கணும். இழுத்தா ராஜாக்க பெத்லகேமுக்கு வரணும். விட்டா திரும்பிப் போவணும். சும்மா வேடிக்கை பாக்குறவனுக்கு ஒண்ணும் நடக்காது."

"நடக்கலன்னா?" இது என் அண்ணன்.

"நடக்கலன்னா நான் இந்தத் தெருவுல இருக்கல மச்சான். உங்க தங்கச்சியக் கூட்டிக்கிட்டு மணப்பாட்டுக்குப் போயிருதேன். அங்கன வள்ளம் இருக்கு, வலை இருக்கு."

மணப்பாட்டில் அவர் வீட்டு ஆட்களைக் குறை சொல்லக் கூடாது. அன்பான சனம். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் அங்கே இருந்தேன். நான் சாப்பிட உட்கார்ந்தால் மாமியாரும் நாத்தனார்மாரும் அவர்கள் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து, புதுப்பொண்ணு எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்ப்பார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு வாரமும் அன்பில் பட்டினி கிடந்தேன். அங்கேயே காலம் பூராவும் இருப்பதென்றால்? ஆகவே அந்தக் குடிலில் ராஜாக்கள் வந்து சேர்வதில்தான் என் சோறு இருந்தது.

இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலையில் இறங்கிவிட்டார்.

ராஜாக்கள் ஒட்டகத்தில் வரக் கூடாது என்றுவிட்டான் அண்ணன். எங்கள் தெருவில் யார் ஒட்டகத்தைக் கண்டார்கள்? தோணியில் வரட்டும். நீலச் சாயத்தில் முக்கின துணியில் கடல், அதன்மேல் மூன்று பாய் கட்டிய தோணி, தோணியில் ராஜாக்கள். ஒருவர் கையில் பொன், ஒருவர் கையில் சாம்பிராணி, வெள்ளைப் போளம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் மூன்றாமவர் கையில் ஒரு வலம்புரிச் சங்கு. பாலனுக்கு அது உபயோகமா என்று யாரும் கேட்கவில்லை. கடலுக்கு அடியில் கப்பி, கயிறு, தோணி திரும்பிப் போவதற்கு எதிர்ப்பாரம், இதெல்லாம் என் வீட்டுக்காரர். பின்னால் பழைய பாய்த்துணியை வானமாகக் கட்டினார்கள்.

சண்டை கைப்பிடியில் வந்தது. குடிலுக்கு முன்னால், வருகிறவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி, ஒரு இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, இது பாலன் குடிலா, உங்க பட்டறையா?" என்றான் அண்ணன்.

"இழுக்குததுக்கு ஒரு தண்டு வேணும்லா மச்சான்."

"தண்டு இருக்கட்டும். அது தண்டாட்டம் இருக்கக் கூடாது."

இரண்டு நாள் அந்தப் பேச்சுத்தான். கடைசியில் அண்ணன் மரத்தில் ஒரு சம்மனசை, அதுதான் தேவதூதரை, செதுக்கி, தண்டை அதன் கைக்குள் மறைத்தான். நீட்டிய கை, அதுதான் இழுக்க வேண்டிய கை. வலது கை என்று நினைக்கிறேன். அவன் வாழ்நாளில் செய்ததிலெல்லாம் அதுதான் அழகு. சிறகில் தங்க ரேக்கு ஒட்டியிருந்தான். கன்னத்தில் அந்த ரோஸ் சாயத்தை எப்படிக் கொண்டுவந்தானோ, தொட்டால் சுடும்போல இருந்தது. என் வீட்டுக்காரர்கூட, "கைப்பிடின்னா இதுல்லா கைப்பிடி" என்று ஒத்துக்கொண்டார்.

கிறிஸ்மஸ் அன்றைக்குப் பூசை முடிந்து சனம் வந்தது. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவர் தோணி ஓட்டுகிற ஒரு தண்டல். சம்மனசைப் பார்த்தார். தலைப்பாகையை எடுத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, குனிந்து, உதட்டைப் பதித்துச் சம்மனசின் கையை முத்தி செய்தார். போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி முத்தி செய்தாள். இடுப்புக் குழந்தையையும் முத்தி செய்ய வைத்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்றுவிட்டது. சுரூபத்தைக் கண்டால் எங்கள் சனத்துக்குத் தெரிந்தது அதுதானே! பெரிய வெள்ளிக்கிழமையில் சிலுவைக்குச் செய்கிறதை அன்றைக்குக் கைப்பிடிக்குச் செய்தார்கள். ஒருத்தர் மெழுகுதிரி கொண்டுவந்து வைத்தார். இன்னொருத்தி சுகமில்லாத பிள்ளையின் சட்டையைக் கொண்டுவந்து சிறகில் தொட்டு எடுத்துப் போனாள். ராஜாக்கள் நடுக்கடலில் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய், "முத்தம் குடுக்காண்டாம் ஆத்தா, இழுக்கணும், இப்படி" என்று சம்மனசின் கையைப் பிடித்து ஒரு இழு இழுத்துக் காட்டினார். தோணி நகர்ந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு கிழவி பிடித்துக்கொண்டாள்.

"ஏலே! சம்மனசு கையப் பிடிச்சு இழுக்கியே, நீ விளங்குவியா? மணப்பாட்டுல இதத்தான் படிச்சுக் குடுத்தாங்களா?"

தெரு முழுக்க ஒரே சிரிப்பு. அண்ணனும் சிரித்தான். சாயங்காலம் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து, "சம்மனசு நல்லாருக்கு, தோணிதான் காத்து இல்லாம நிக்குபோல" என்று வாய் திறந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இதைவிட அவமானம் வேண்டாம்.

மறுநாள் விடிந்ததும் அவர் சம்மனசைக் கழற்றி எங்கள் வீட்டில் வைத்துவிட்டார். தண்டில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். "இனி யாரு முத்தம் குடுக்கான்னு பாக்கேன். கயித்தைக் கண்டா மனுசன் இழுப்பான், அம்புட்டுத்தான்."

அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கயிற்றைக் கண்டால் மனிதன் இழுப்பான்தான். ஆனால் எங்கள் தெரு மனிதன் தனியாக இழுக்கமாட்டான். மத்தியானம் துறைமுகத்துக் கூட்டம் ஒன்று வந்தது. ஒருவன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "ஏலே, இழுக்கணுமாம்லே, வாங்கலே" என்று மற்றவர்களைக் கூப்பிட்டான். கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் காலை ஊன்றி, பாய்மரம் ஏற்றுகிற மாதிரி "ஏலேலோ" போட்டு ஒரே இழுப்பு. தோணி பறந்தது. மாட்டுத்தொழுவத்தில் மோதியது. சூசையப்பர் சாய்ந்தார். சங்கு வைத்திருந்த ராஜா நீலத் துணிக்குள் விழுந்து முங்கிவிட்டார், தலை தனியாக உருண்டது. இழுத்தவர்களுக்கு நல்ல சந்தோஷம். "மாப்ள, சோக்கா ஓடுது" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் வீட்டுக்கு வந்து பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். சட்டைகளை மடித்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏளா, உன் சேலையையும் எடுத்து வையி" என்றார். நான் எடுத்து வைத்தேன். எனக்கு வேறென்ன தெரியும்? ஒவ்வொரு சேலையாக மெதுவாக எடுத்து வைத்தேன், அவ்வளவுதான்.

அம்மா அடுப்படியிலிருந்தே பேசினாள். "மருமவனே, முத்தம் குடுக்கவனுக்கு இழுக்கத் தெரியாது, இழுக்கவனுக்கு நிறுத்தத் தெரியாது. முத்தம் குடுத்தாலே ஓடுத மாதிரி செய்ய ஏலாதா?"

"முத்தத்துக்கு ஏது எடை அத்தே? கப்பி எப்படிச் சுத்தும்?"

"முத்தத்துக்குத்தாம்லா எடை" என்றான் உடைந்த ராஜாவின் தலையை மடியில் வைத்துப் பசை தடவிக்கொண்டிருந்த அண்ணன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

கொஞ்ச நேரம் கழித்து, பெட்டியை மூடாமலே, அவர் சொன்னார்: "பின்னால ஒரு ஆளு உக்காந்து, முத்தம் குடுக்கும்போது கயித்தை இழுத்தா ஓடும்."

"அப்ப உங்க பொறி எதுக்கு மாப்ள?"

"அப்ப உங்க சம்மனசு எதுக்கு மச்சான்?"

யார் உட்காருவது என்று கேள்வி. அண்ணன் மாட்டேன் என்றான், அவன் முன்னால் நின்று சம்மனசைப் பற்றிச் சனம் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்றார், ஒளிந்துகொண்டு இழுத்தால் அது பொறியே இல்லை, ஏமாற்று. தெருவில் கேட்டதில், திருநாள் நேரத்தில் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் துணிக்குப் பின்னால் உட்கார எந்த ஆம்பிளையும் தயாராக இல்லை.

"நான் இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் என்னுடையது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. யாரும் பார்க்காத இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம் என்றால், என்னைப் போல ஒருத்திக்கு அதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் சம்மனசை மறுபடி தண்டில் மாட்டி, கயிற்றைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். பாய்த்துணி வானத்தில் மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியாகப் பார்ப்பேன். நிமிர்ந்து யார் முகத்தையும் அதுவரை நான் பார்த்ததில்லை. குனிந்த தலைக்குத் தெரிந்ததெல்லாம் காலும் பாதமும்தான். இப்போது தெரு முழுக்க வரிசையில் வந்து முகத்தைக் காட்டியது. அம்மா கொடுத்த முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தேன். முத்தி செய்யும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அது தெரியாமல் முதலில் முத்தம் விழுந்ததுமே இழுத்துவிட்டேன். அவர்கள் கண்ணைத் திறக்கும்போது தோணி வந்து நின்றுவிட்டது. பிறகு புரிந்துகொண்டு, உதட்டை எடுத்து, கண்ணைத் திறந்து, நிமிர்கிற வரைக்கும் பொறுத்து இழுக்கத் தொடங்கினேன். அப்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! கிறிஸ்மஸ் அன்றைக்குத் திட்டின கிழவி, "ஆத்தாடி, வாராகளே!" என்று ராஜாக்களுக்கு முந்தானையை இழுத்து மூடி மரியாதை செய்தாள்.

சாயங்காலத்துக்குள் பக்கத்துத் தெரு, அதற்கு அடுத்த தெரு எல்லாம் வந்துவிட்டது. முத்தி செய்தால் சம்மனசு மனம் இரங்கி ராஜாக்களை அழைத்துவருகிறது என்று பேச்சு. உபதேசியாருக்குப் பயம் வந்துவிட்டது. "சாமியார் காதுக்குப் போனா தெரு நாறிப்போவும். அற்புதம் இல்லன்னு எழுதி வைங்கப்பா" என்றார். அண்ணன் பலகை எழுதினான். 'இது அற்புதம் அல்ல, இயந்திரம்.' அவனுக்குச் சாதாரணமாக எழுதத் தெரியாதே. ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் கொடுத்து, சுற்றிலும் பூக்கொடி ஓட்டி, மூலைகளில் மிச்சமிருந்த தங்க ரேக்கை ஒட்டிவிட்டான். வாசிக்கத் தெரியாதவர்கள் சம்மனசை முத்தி செய்த கையோடு பலகையையும் முத்தி செய்துவிட்டுப் போனார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் இயந்திரம் என்று நம்பினார்கள். உள்ளே முந்திரிக்கொத்து தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தவள் அற்புதமும் இல்லை, இயந்திரமும் இல்லை.

தினமும் வீட்டில் சோற்றுக்கு முன்னால் அதே வாதம். சம்மனசு இல்லாவிட்டால் எவன் கிட்ட வருவான் என்பான் அண்ணன். தோணி ஓடாவிட்டால் எவன் மறுபடி வருவான் என்பார் அவர். நான் சோறு போடுவேன். கண்ணைத் திறந்த பிறகு இழுக்க வேண்டும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "உள்ள வெக்கையா இருக்கா?" என்று கேட்டார். தகரப் பெட்டி மட்டும் பரணுக்கு ஏறாமல் சுவரோரமாகவே இருந்தது. என் சேலைகள் அதற்குள்தான். தினம் ஒன்றாக எடுத்து உடுத்தி, துவைத்து, திரும்ப அதற்குள்ளேயே வைத்தேன். போகிறோமா இருக்கிறோமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளோடு குடிலைப் பிரித்துவிடுவார்கள். அன்றைக்கு மத்தியானம் வரிசை ஓய்ந்து தெரு சாப்பிடப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: குடிலை நான் இதுவரை முன்னாலிருந்து பார்க்கவே இல்லை. யாருமில்லையே என்று மெல்ல வெளியே வந்து, சுற்றிப் போய், மற்றவர்களைப் போல முன்னால் நின்றேன். சம்மனசின் கையில் சாயம் போய்விட்டிருந்தது. விரலில் மரம் தெரிந்தது. அத்தனை உதடு பட்டிருக்கிறது. சிலுவை போட்டுக்கொண்டு குனிந்து முத்தி செய்தேன். நிமிர்ந்து ராஜாக்களைப் பார்த்தேன். அவர்கள் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? நான்தான் இங்கே நிற்கிறேனே. ஆனாலும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"ஏளா, உள்ள யாரு இருக்கா?"

பின்னால் என் வீட்டுக்காரர். பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தவர்.

"யாருமில்ல."

அவர் என்னையும் தோணியையும் பார்த்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒளிந்து இழுப்பது ஏமாற்று என்று சொன்ன அதே ஆள், குனிந்து பாய்த்துணிக்குள் நுழைந்துவிட்டார்.

"ம், முத்தி பண்ணு" என்றது வானம்.

கண்ணை மூடி மறுபடி குனிந்தேன். கப்பி கிறீச்சென்றது. கண்ணைத் திறக்கும்போது ராஜாக்கள் தொழுவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தார்கள். பாதிக் கடலை நான் பார்க்கவே இல்லை.

"எப்படி?" என்று கேட்டார் உள்ளேயிருந்து.

"சீக்கிரம் இழுத்துட்டிய. கண்ணைத் தொறந்த பொறவு இழுக்கணும்."

எதிர்ப்பாரம் இறங்கி, தோணி மெதுவாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"சரி. அடுத்த வருஷம் பாத்து இழுக்கேன்" என்றார்.

நான் வீட்டுக்குப் போய் என் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, அவருக்குச் சோறு போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டேன்.

இதில் எனக்குச் சந்தேகமான இடங்கள் உண்டு. தலை உடைந்தது சங்கு வைத்திருந்த ராஜாவா, சாம்பிராணி ராஜாவா என்று உறுதியில்லை. இருட்டடிப்பு அந்தக் கிறிஸ்மஸிலா, அதற்கு அடுத்ததிலா என்பதும் அப்படித்தான். சம்மனசு இப்போது அண்ணன் மகன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கை தேய்ந்துபோயிருக்கும். அது வலது கையா இடது கையா என்று பேத்தி ஒருநடை போய்ப் பார்த்துத் திருத்திவிட்டு, பிறகு அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.